அக்கா கேட்ட வெளிச்சம்

பகல் பதினொரு மணிக்கு அடுக்களையில் அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்காவைக் கட்டிக்கொடுத்த பிறகு முதல் தடவையாகப் பலகாரத் தூக்கோடு மலைக்குப் போனபோது நான் பார்த்தது அதைத்தான். வெளியே மழையும் இல்லை, மேகமும் இல்லை. போடியில் அந்நேரத்துக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். இங்கே அக்கா விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு "வாடா" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே அழுகை இருந்தது. வாசலில் நின்ற மாமா, "மாப்ளே, அட்டை ஏறியிருக்கும், காலைப் பாரு" என்றார். பார்த்தேன், ஏறித்தான் இருந்தது.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். போடிமெட்டைத் தாண்டி, ஜீப்புப் பாதை முடிகிற இடத்திலிருந்து ஒரு சரிவு இறங்கினால் அவருடைய ஏலக்காய்த் தோட்டம். எஸ்டேட் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை. அவருடைய அப்பா விட்டுப்போன சின்னத் துண்டு. தாய் தகப்பனைச் சீக்கிரமே பறிகொடுத்துவிட்டு அந்தத் துண்டில் தனியாகவே வளர்ந்தவர், அதனால் பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நாம் ஒரு பீடி பிடித்து முடித்துவிடலாம். நான் அதற்கு நேர் எதிர். அப்போதுதான் சொந்தமாக ஒரு ஜீப்பு வாங்கியிருந்தேன். விடியற்காலையில் போடியிலிருந்து காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டங்களில் விடுவது, சாயங்காலம் திரும்ப இறக்குவது, நடுவில் கிடைக்கிற லோடு அடிப்பது. இருபது பெண்களோடு தினமும் கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவனுக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? என் வாயும் அவருடைய மௌனமும் எப்படியோ ஒத்துப்போயின. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் நான் சொன்னதில்லை, சொன்னால் அவர் எழுந்து தோட்டத்துக்குள் போயிருப்பார்.

ஏலம் காட்டுக்கு அடியில் வளர்கிற செடி. மேலே பெரிய மரங்கள் கூடி நிற்க, கீழே ஆளுயரத்துக்கும் மேலாகத் தட்டைகள் எழும்பும். தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய் பிடிக்கும். மழைக்கு முன்னால் மரங்களின் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிடுவார்கள், அதைக் கவாத்து என்போம். அவ்வளவுதான் அன்றைக்குக் காட்டின் மேல் விழுந்த கத்தி. மாமாவின் அப்பா வீட்டை ஒரு பெரிய வெடிப்பலா மரத்தை ஒட்டிக் கட்டியிருந்தார். காற்றுக்கு அணைப்பாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த மரம் வீட்டின் மேலேயே உட்கார்ந்திருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றும். பகலும் பொழுது சாய்ந்த மாதிரியே கிடக்கும். மழை நின்று வெகுநேரம் ஆன பிறகும் ஓட்டின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அக்கா போடியில் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டு வளர்ந்தவள். கொடியில் போட்ட சேலை வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும் ஊர் எங்கள் ஊர். மலையிலோ பாவாடை ஒரு வாரம் கொடியில் கிடந்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். செருப்பில் பூஞ்சை, தலையணையில் பூஞ்சை, கல்யாணப் பட்டிலும் பூஞ்சை. பேசுவதற்கு ஒரு பெண்பிள்ளை கிடையாது. இருக்கிற ஒரே மனிதரும் பேச மாட்டார். ஒரு வருசம் தாங்கினாள். பிறகு ஒருநாள் என் ஜீப்பிலேயே டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டாள். அப்பா சத்தம் போட்டார், அம்மா மூக்கைச் சிந்தினாள். அக்கா அசையவில்லை. "அந்த இருட்டுக்குள்ள என்னால கெடக்க முடியாது. வெளிச்சம் வந்தாச் சொல்லச் சொல்லு, வர்றேன்" என்றாள். கோபத்தில் சொன்னதுதான். யாராவது காட்டுக்குள் வெளிச்சம் கொண்டுவருவார்களா?

மாமா கொண்டுவரக் கிளம்பிவிட்டார்.

பச்சை மரத்தில் கோடாலி வைத்தால் கேசாகிவிடும். மரம் தானாகப் பட்டுப்போனால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? மலையில் எல்லோருக்கும் தெரிந்த வேலை இது, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட வேண்டும். உரித்த இடம் கண்ணில் படாமல் சேற்றை அப்பி, மேலே பாசியை ஒட்டி வைத்துவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். வீட்டை ஒட்டி நின்ற வெடிப்பலாவுக்கு மாமா இதைத்தான் செய்தார். அவ்வளவு பெரிய மரம் ஒரே நாளில் சாகாது. அதுபாட்டுக்கு நிற்கும், குருவிகள் வரும், காய் கூடக் காய்க்கும். உள்ளுக்குள்ளே உயிர் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமா போடிக்கு வருவார். விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்துத் தரையில் வைப்பார். ஊரில் மற்ற மாப்பிள்ளைகள் மல்லிகைப் பூவும் அல்வாவும் கொண்டுவருவார்கள், இவர் இலை கொண்டுவந்தார். "நம்ம வீட்ல ஆடு நிக்குதுன்னு நெனச்சாரா?" என்று அம்மா என் காதில் முணுமுணுத்தாள். வெடிப்பலாவின் இலை மேலே கரும்பச்சை, அடிப்பக்கம் தேய்த்து வைத்த பித்தளை. முதலில் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. அக்கா அதைக் கையால் தொடவில்லை. மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு ஓரம் பழுத்த இலை ஒன்று வந்தது. அக்கா அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"உச்சியிலயா, கீழயா?" என்று கேட்டாள்.

"உச்சியில" என்றார் மாமா.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் என் காதுபடப் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அடுத்தடுத்த வாரங்களில் அந்த விசாரணை நீண்டது. எந்தக் கிளை மொட்டையானது, எந்தப் பக்கம் வானம் தெரிகிறது, அடுக்களை ஜன்னல் வரைக்கும் வெயில் எட்டுமா. ஒரு மரம் சாகச் சாக என் அக்காவின் முகம் தெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது தப்பாகவே படவில்லை, சந்தோசமாக இருந்தது. மலை முழுக்க மரம் கிடக்கிறது, அக்கா ஒருத்திதானே என்று நினைத்தேன்.

அடுத்த மழை முடிந்ததும் அக்கா மேலேறினாள். பட்டுப்போன மரத்தைத் துண்டு போட்டு எடுத்திருந்தார்கள். முற்றத்தில் வெயில் பாய்விரித்த மாதிரி விழுந்து கிடந்தது. அக்கா அதன் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்து, "அப்பாடி" என்றாள். மாமா சிரித்தார். அவர் பல் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த சில வருசங்கள் நல்ல வருசங்கள். பிள்ளை பிறக்கவில்லை என்ற குறை ஒன்றுதான். முற்றத்தில் வத்தல் காய்ந்தது. வாசலில் கோலம் விழுந்தது. மாமா பேசக்கூடக் கற்றுக்கொண்டார். நான் லோடோடு போனால், "மாப்ளே, சாப்ட்டுட்டுப் போ, உங்க அக்கா கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கா" என்று முழு வாக்கியமே சொல்லுவார்.

இதோடு நின்றிருந்தால் ஒரு மரத்தோடு போயிருக்கும். முற்றத்தைச் சுற்றி நின்ற ஏலச்செடிகள் வெயிலைக் கண்டதும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சரம் விட்டன. இருட்டுக்குள் நின்ற செடியில் அதில் பாதி கூடக் காய் இல்லை. மாமா குத்தவைத்து உட்கார்ந்து சரங்களைக் கையில் ஏந்திப் பார்த்ததை நான் பார்த்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்த்தார், அவருக்குப் பக்கத்துத் தோட்டக்காரரும் வந்து பார்த்தார். அதே சமயத்தில் கேரளத்தின் உட்பக்கமிருந்து புது ரகம் ஒன்று வந்து இறங்கியது. வெயிலை விரும்புகிற ரகம், குண்டுக் காய், பச்சை நிறம் மங்காது. போடிச் சந்தையில் அதற்குத்தான் மதிப்பு. "வெளிச்சந்தாண்ணே காயி" என்று டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புது ரகம் வைக்காதவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். மாமாவும் வைத்தார். வைத்தவர் மேலே அண்ணாந்து பார்த்தார், வெயில் விழுவதற்கு மரம் இடைஞ்சலாக இருந்தது.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போகும்போது அவர்கள் என்னிடம் கேட்பார்கள்: "யாருங்க இந்தக் காட்டை அழிச்சது?" ஏதோ கொள்ளைக் கூட்டம் லாரியோடு வந்து இறங்கியது என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அப்படி ஒரு கூட்டம் வந்திருந்தால் கல்லெறிந்தாவது விரட்டியிருப்போம். இங்கே ஏணியைச் சாத்தி, பட்டப்பகலில், சொந்தத் தோட்டத்து மரத்தில் சொந்த ஆள்தான் ஏறினான். முன்பெல்லாம் கவாத்தில் கிளையை விரல்விட்டு எண்ணிக் கழித்தவர்கள், உச்சியில் ஒரு குடுமியை மட்டும் விட்டுவிட்டு மொத்தமாகச் சீவினார்கள். சீவின விறகு காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போனது. அப்படியும் போதாத இடத்தில் பட்டையை உரித்தார்கள். மிச்ச மரங்களைக் காற்று பார்த்துக்கொண்டது. கூட்டமாக நின்றபோது ஒன்றையொன்று தாங்கிக்கொண்ட மரம், தனியாக நின்றதும் ஒரு ஆடிக் காற்றுக்குத் தாங்கவில்லை. "ஒரு மரம் போனா காடு போயிருமா?" என்று ஒவ்வொரு தோட்டக்காரரும் கேட்டார். ஒருத்தர் கேட்டதிலும் தப்பில்லை. நான் பெண்களை இறக்கிவிடும் வளைவிலிருந்து பார்த்தால் முன்பு பச்சைதான் தெரியும், பிறகு தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

வெயில் வந்தால் வெயிலோடு மற்றதும் வரும் என்பதை மாமா ஒவ்வொன்றாகத்தான் கண்டார். சித்திரையில் மண் பிளந்தது. காலம் காலமாகச் சரிவின் அடியில் ஓடிக்கொண்டிருந்த ஓடை நூலாக இளைத்தது. புது ரகத்துக்கோ கோடையிலும் தண்ணீர் வேண்டும். முற்றத்துக்குக் கீழே பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் படுதா விரித்துக் குளம் வைத்தார். மோட்டார் வந்தது. உரமூட்டைகளை நான்தான் மேலே ஏற்றினேன். பிறகு பூச்சி வந்தது, பூச்சிக்கு மருந்து வந்தது. ஒரு தடவை அடித்த மருந்து அடுத்த தடவை கேட்கவில்லை, அதைவிடக் காட்டமான ஒன்று வந்தது. செடிகளுக்குள் மொய்த்துக்கொண்டிருந்த தேனீக்கள் எப்போது போயின என்று யாருக்கும் தெரியாது. முற்றத்துக்கு வெளியே சுற்றிலும் செடிதான் என்பதால் மருந்தடிக்கிற நாளில் வீட்டுக்குள்ளும் அதே நெடி. குளத்தங்கரையில் வாளி வைத்தால் தண்ணீரிலும் அதே நெடி.

அக்காவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு சாப்பிட்டதெல்லாம் வாந்தி. போடியில் காட்டினோம். மருந்து வாடைக்கே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மருந்துக் கேன் லோடோடு நான் மேலே போயிருந்தேன். இரண்டு பேரும் முற்றத்தில் நின்றிருந்தார்கள்.

"மருந்த நிறுத்துங்க" என்றாள் அக்கா.

"நிறுத்துனா செடி நிக்காது."

"பழைய செடியவே வைங்க. அதுக்கு என்ன மருந்தா அடிச்சோம்?"

"அது வெயில் தாங்காதுத்தா. நெழல் வேணும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு மேலே பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது.

"செடி நிக்கணுமா, நான் நிக்கணுமா? அதச் சொல்லுங்க மொதல்ல."

மாமா நான் இறக்கிய கேனை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "செடியும் போயிட்டா நான் என்ன சோலி பாப்பேன்?" என்றார். அதில் வீம்பு இல்லை, உண்மையாகவே கேட்டார். அக்கா உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். மலையை விட்டு இரண்டாவது தடவையும் என் ஜீப்பில்தான் இறங்கினாள்.

அவர் போடிக்கு வந்து இருந்து பார்க்காமல் இல்லை. ஒரு தடவை தோட்டத்தை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தார். ஒரு வாரம் கூடத் தங்கவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு இரக்கம் கிடையாது. "என்ன மாப்ளே, மாமியா வீட்டுச் சாப்பாடு ஒடம்புல ஒட்டிருச்சு போல" என்று வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டான். மாமா ஒருநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை வருவதும் குறைந்தது, பிறகு நின்றது. தன்னிடம் கொண்டுவருவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தாரோ என்னவோ. நான் போகும்போதெல்லாம், "உங்க அக்கா என்ன சொல்றா?" என்று மட்டும் கேட்பார். அக்காவிடம் வந்து, "மாமாவ இங்க வரச் சொல்லட்டா?" என்று கேட்பேன். "நான் ஏன் சொல்லணும்? வழி தெரியாதவரா?" என்பாள். ஊறுகாய் ஜாடியை மட்டும் துணி கட்டிக் கொடுத்துவிடுவாள். இரண்டு வீம்புக்கும் நடுவில் ஊறுகாய் சுமந்தே என் ஜீப்புத் தேய்ந்தது.

அப்படி ஒரு தடவை போனபோது, முற்றத்தை ஒட்டிப் புதுச் செடிகளைப் பிடுங்கிவிட்டு மாமா குழி போட்டுக்கொண்டிருந்தார். மரக்கன்றுகள். பலா, சந்தனவேம்பு, எங்கிருந்தோ பொறுக்கி வந்து முளைக்கவைத்த வெடிப்பலா. காற்றுக்கு விழாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி ஊன்றி, துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்.

"என்ன மாமா, காடு வளக்குறீங்களா?" என்று சிரித்தேன்.

"வீட்டச் சுத்தி நெழல் விழுந்துட்டா, பழைய செடிய வச்சிறலாம். மருந்து வேண்டாம். அவ வந்து இருப்பால்ல" என்றார்.

நிழல் விழுகிற காலத்தில் இவருக்கும் அக்காவுக்கும் என்ன வயசாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. "அக்காட்டச் சொல்றேன்" என்றேன்.

"சொல்லாத மாப்ளே. சொன்னா எப்ப வளரும்னு கேப்பா."

நான் சொல்லவில்லை. தலைச்சுமையாகத் தண்ணீர் சுமந்து அந்தக் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டு அவர் அங்கே தனியாகக் கிடந்தார். ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்கிறவர் என்றைக்கு வடிப்பார், என்றைக்கு வடிக்க மாட்டார் என்று யார் பார்த்தது? சில நாள் நான் கிளம்பும்போது, "இன்னொரு காப்பி குடிச்சிட்டுப் போ" என்பார். முன்பெல்லாம் அப்படிச் சொல்லமாட்டார். ஜீப்பில் பெண்கள் காத்திருப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள். அவரும் எழுந்து, "போ, போ, வெரசாப் போ" என்று அவராகவே அனுப்பிவிடுவார்.

ஒரு மாசி மாதத்துக் காலையில் முற்றத்து நார்க்கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி என்றார்கள். எதிர்ச் சரிவுத் தோட்டத்தில் அன்றைக்குப் பெண்கள் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மறைக்க ஒரு மரம் இல்லை, அங்கிருந்து பார்த்தால் மாமாவின் முற்றம் உள்ளங்கை மாதிரி தெரியும். காலையிலிருந்து அத்தனை பேரும் அவரைப் பார்த்திருக்கிறார்கள். "பெரியவரு வெயில் காயுறாருன்னு நெனச்சோம்ணே" என்று என் ஜீப்பில் தினமும் வருகிற ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உச்சி வெயில் ஏறியும் அவர் நிழலுக்குப் போகாததைப் பார்த்த பிறகுதான் ஓடி வந்திருக்கிறார்கள்.

காரியம் முடிந்ததும் தோட்டத்தை விற்பது என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டக்காரரே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், நல்ல மனிதர். அக்காவை அழைத்துக்கொண்டு மேலே போனேன். அவர் எங்களோடு முற்றத்தில் நின்று, "இந்தக் கன்ன மட்டும் மொதல்ல பிடுங்கணும்ங்க. வளந்துச்சுன்னா செடிய மறைச்சிரும்" என்றார். அக்கா அப்போதுதான் கன்றுகளைக் கவனித்தாள். இடுப்பளவுக்கு வந்திருந்தன. குனிந்து ஒன்றின் குச்சியில் கட்டியிருந்த கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் விட்டுப்போன சேலை. அடுத்த கன்றிலும் அவள் சேலை. "எதுக்குடா இதெல்லாம்?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "விக்கல. நீ போடா, லோடு கெடக்கும்ல" என்றாள்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இறங்கவில்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள். மருந்தடிக்கிற நாளில் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு கதவை அடைத்துக்கொள்கிறாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அரிசி, பருப்பு, மாத்திரையோடு நான் போகிறேன். அந்த வீட்டில் அவள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர் இல்லை, அவள் இருக்கிறாள்.

போன ஞாயிறு காலையிலேயே போய்விட்டேன். காய் எடுப்புக் காலம், ஞாயிறும் வேலை உண்டு. நாங்கள் முற்றத்தில் நிற்கும்போது எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏய் ஆத்தோவ்!" அக்கா கையைத் தூக்கி ஆட்டினாள். அங்கே நாலைந்து கைகள் பதிலுக்கு ஆடின. பிறகு அந்தப் பெண்கள் குனிந்து வேலையைத் தொடங்கினார்கள். தினமும் இப்படித்தானாம். மாமா போன பிறகு அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அக்கா கையைத் தூக்கும்வரை ஒருத்தியும் கூடையில் காயைப் போடுவதில்லையாம். ஒருநாள் தூங்கிவிட்டாள் என்று இரண்டு பெண்கள் ஓடை இறங்கி ஏறி வந்து கதவைத் தட்டிவிட்டார்களாம்.

"நல்ல பிள்ளைங்க" என்றேன்.

அக்கா தூக்கிய கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"அவர யாருமே ஒரு வார்த்த கூப்ட்டுப் பாக்கலடா" என்றாள். "நானுந்தான்."